சின்னப் பிள்ளைக்குச் சமையல் பழக்குவது எப்படி? கரட் சம்பலில் இருந்து பருப்புக் கறி வரை

நாலு வயதில் பிள்ளைகள் குசினி வாசலில் வந்து நின்று "நானும் செய்யவா?" என்று கேட்பார்கள். "அங்கிட்டுப் போய் விளையாடு" என்று விரட்டிவிடுவோம். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் நாம் இருக்கிற வரிசை வீடான லயத்தின் குசினியில் இரண்டு பேர் நின்றாலே இடம் முட்டும். விறகடுப்பு தரையோடு எரியும். அம்மா மலையில் இருந்து வந்த கையோடு உலை வைக்க வேண்டும். விரட்டுவதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதே பிள்ளைக்குப் பத்து, பதினொரு வயதானதும், அதுவும் பெண்பிள்ளை என்றால், "நான் வாறதுக்குள்ள சோறாக்கி வை" என்று முழுச் சமையலையும் ஒரே நாளில் தலையில் கட்டிவிடுகிறோம். நடுவில் சொல்லிக்கொடுப்பது என்ற ஒன்று நடப்பதே இல்லை.

அந்த நடுவில் கிடக்கும் வருடங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலில் கை, அப்புறம் தண்ணீர், அப்புறம் கத்தி, கடைசியில் நெருப்பு. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும் மாற்ற வேண்டாம்.

பிள்ளை செய்தது அன்றைய சாப்பாட்டில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு உருண்டை மாவைக் கொடுத்து ஓரமாக உட்கார வைத்தால் நமக்கு வேலை ஓடும், பிள்ளைக்குச் சமையல் வராது. தான் ஆய்ந்த கீரை அப்பா தட்டிலும் தாத்தா தட்டிலும் விழுவதைப் பார்க்கிற பிள்ளை அடுத்த ஞாயிறு தானாகவே வந்து நிற்கும்.

ஆண்பிள்ளைக்கும் இதே வரிசைதான், இதே வேலைகள்தான். தம்பி இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) பந்து விளையாட, அக்கா மட்டும் வெங்காயம் உரிக்கிற வீட்டில் இரண்டு பேருமே சமையலைத் தண்டனையாகத்தான் நினைப்பார்கள். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிற நம் பையன்கள் எத்தனை பேர் மூன்று வேளையும் கடைச் சாப்பாட்டில் சம்பளத்தைக் கரைக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எப்போது, எங்கே

வேலை நாள் சாயங்காலம் வேண்டாம். எல்லாருக்கும் பசி, எல்லாருக்கும் அலுப்பு. பிள்ளை ஒரு கிண்ணத்தைத் தட்டிவிட்டால் உடனே கோபம் வரும், பழக்கம் அன்றோடு நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை நல்லது, போயா (பௌர்ணமி) விடுமுறையும் நல்லது. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் கால் மணி நேரம் போதும். அதற்குமேல் உட்கார வைத்தாலும் மனம் அங்கே இருக்காது.

நெருப்புக் கட்டம் வரும்வரை குசினிக்குள் இடமே தேவையில்லை. இஸ்தோப்பில் ஒரு சாக்கை விரித்து, ஒரு பலகை, இரண்டு பேசின், ஒரு துணி வைத்தால் போதும். வெளிச்சமும் இருக்கும், புகையும் இருக்காது. வீட்டில் அம்மாயியோ அப்பாயியோ இருந்தால் அவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் கையைப் பார்த்தே பிள்ளை பாதியைப் படித்துவிடும்.

கை

கை கழுவப் பிள்ளைகள் அழுவதற்குக் காரணம் சோம்பல் இல்லை. நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கம் காலையில் பைப்பைத் திறந்தால் தண்ணீர் எலும்பைக் குத்தும். பிள்ளை விரல் நுனியை நனைத்துவிட்டு ஓடிவிடும். ஒரு பேசினில் இளஞ்சூடான தண்ணீர் வைத்துக் கொடுங்கள். சவர்க்காரம் போட்டு விரல் இடுக்கு, நகம், மணிக்கட்டு என்று அது ஆசையாகவே கழுவும். நகத்தை முதல் நாளே வெட்டிவிட வேண்டும். பிசைகிற வேலைக்கு நீள நகம் ஆகாது.

மூன்று, நாலு வயதில் கை செய்யக்கூடிய வேலைகள் நாம் நினைப்பதைவிட அதிகம். போஞ்சியை ஒடிப்பது அதில் முதலாவது. நுனியைக் கிள்ளி இழுத்தால் நார் கூடவே வரும், பிறகு இரண்டாகவோ மூன்றாகவோ ஒடித்துப் போட வேண்டியதுதான். பிஞ்சுப் போஞ்சி 'டக்' என்று ஒடியும், முற்றியது வளையும். இதைக் கையால் கண்ட பிள்ளை சந்தையில் உங்களுக்கு முன்னால் போஞ்சியை ஒடித்துப் பார்க்கும். பொன்னாங்காணி ஆய்வது, வெள்ளைப்பூடு உரிப்பது, பருப்பை ஒரு சுளகில் பரப்பிக் கல் பொறுக்குவது எல்லாம் இந்த வயதுக்கான வேலைகள். வெள்ளைப்பூட்டைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டுவிட்டுக் கொடுத்தால் தோல் லேசாகக் கழன்று வரும்.

பச்சை மிளகாயும் செத்தல் மிளகாயும் இப்போது வேண்டாம். மிளகாய் தொட்ட கையால் கண்ணைக் கசக்காத பிள்ளை கிடையாது. அப்படியே கை எரிந்தாலும் வெறும் தண்ணீரில் கழுவினால் அடங்காது. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவினால் குறையும்.

முழு நிலக்கடலை, பச்சைக் கரட் துண்டு போன்ற கடினமானவற்றை ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கையில் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். வேலை செய்துகொண்டே வாயில் போடுவார்கள், தொண்டையில் அடைக்கும்.

தண்ணீர்

இதற்கு லீக்ஸை மிஞ்சின பாடம் இல்லை. நம் ஊரில் விளைகிறது, மலிவாகவும் கிடைக்கிறது, அத்தோடு மண்ணையும் இலைக்குள்ளேயே வைத்திருக்கிறது. வெள்ளைத் தண்டு நீளமாக வர வேண்டும் என்று தோட்டத்தில் மண் அணைத்து வளர்ப்பதால் மண் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் இறங்கிவிடும். வெளியே மட்டும் கழுவினால் கறியில் நறநறக்கும்.

நீங்கள் வேரை வெட்டிவிட்டு, தண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து கொடுங்கள். பிள்ளை ஒவ்வொரு இலையாக விரித்துத் தண்ணீருக்குள் அசைக்கட்டும். முதல் பேசின் கலங்கிக் காப்பி நிறமாகும். அதை ஊற்றிவிட்டு இரண்டாவது தண்ணீர். கடைசித் தண்ணீரில் கையை விட்டுப் பேசினின் அடியைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். விரலில் மணல் பட்டால் இன்னொரு தடவை. "கழுவிட்டேன்" என்று வாயால் சொல்வதற்கும் அடியைத் தடவிப் பார்த்துச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளை இங்கேதான் படிக்கிறது. கோவாவுக்கு வெளி இலைகளைக் கழற்றி எறிந்துவிட்டுக் கழுவ வேண்டும். மருந்தடித்த தோட்டத்து மரக்கறி என்பதால் ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவுவதுதான் சரி.

அரிசி களைவதும் இந்தக் கட்டத்தில் பழகலாம். அரிசி தண்ணீரோடு போகாமல் கையை அணையாக வைத்து வடிப்பதற்கு ஐந்து வயது ஆக வேண்டும். கீழே ஒரு பேசின் வைத்தால் கொட்டினதும் வீணாகாது.

அடுப்பில்லாத முதல் கறி

ஐந்து வயதில் பிள்ளை முழுதாகத் தன் கையால் ஒரு சாப்பாட்டைச் செய்யலாம். நான் எப்போதும் கரட் சம்பலில் தொடங்கச் சொல்வேன். இனிப்பு இருப்பதால் மரக்கறி வேண்டாம் என்கிற பிள்ளையும் தின்னும், கெட்டுப்போக இடமும் இல்லை.

நடுத்தரமான கரட் இரண்டு, துருவின தேங்காய் ஒரு கைப்பிடி, பொடியாக அரிந்த வெங்காயம் கொஞ்சம், பாதித் தேசிக்காய், உப்பு. கரட்டை நீங்கள் துருவுங்கள். துருவி சின்ன விரலுக்குக் கத்தியைவிட மோசம், ஏழு வயதுவரை பொறுக்கலாம். மற்றதெல்லாம் பிள்ளை வேலை. வெங்காயத்தில் முதலில் உப்பைப் போட்டுக் கையால் பிசையட்டும், வெங்காயம் தண்ணீர் விட்டுக் காரம் குறையும். பிறகு கரட், பிறகு தேங்காய். தேசிக்காயைப் பலகையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டிவிட்டு வெட்டினால் சாறு நன்றாக விழும், அந்த உருட்டலும் பிள்ளைக்கு.

உப்பில்தான் சமையலே இருக்கிறது. ஒரு தேக்கரண்டியில் கால்வாசி உப்பை ஒரு கோப்பையில் எடுத்து வையுங்கள். அதில் பாதியைப் போட்டுக் கலந்து ஒரு வாய் தின்னச் சொல்லுங்கள். பிறகு இன்னும் கொஞ்சம், மறுபடி ஒரு வாய். "அம்மா, போதுமா?" என்று கேட்டால், "நீயே சொல்லு" என்று விடுங்கள். ஒவ்வொரு தடவையும் சுத்தமான கரண்டி, வாயில் வைத்ததைத் திரும்பச் சம்பலுக்குள் விடக் கூடாது. ஒரு நாள் உப்பு கூடத்தான் செய்யும். அன்றைக்கு இன்னொரு கரட்டைத் துருவிப் போட்டுச் சரிபண்ணுகிற வித்தையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

வல்லாரைச் சம்பலும் இதே முறைதான். கீரை, பருப்பு தின்கிற வேளையில் தேசிக்காய்ப் புளி சேர்ந்தால் அவற்றில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு சாயத்தண்ணி குடித்தால் அந்தச் சத்து சேராமல் தடுக்கும். தேயிலையில் பிறந்து வளர்ந்த நமக்கு இதைச் சொல்லக் கஷ்டம்தான், ஆனாலும் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள்.

ரொட்டி

இதற்கு அவசரப்படாமல் ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள். நம் வீடுகளில் பிள்ளை தினம் பார்க்கிற சாப்பாடு இது. அது செய்து காட்ட ஆசைப்படுவதும் இதைத்தான்.

கோதுமை மா இரண்டு கோப்பை, தேங்காய்ப்பூ ஒரு கோப்பை, உப்பு ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைய, இளஞ்சூடான தண்ணீர் முக்கால் கோப்பை அளவு. தண்ணீரை ஒரேயடியாக ஊற்றக் கூடாது. பிள்ளை கையில் ஒரு சின்னக் கோப்பையைக் கொடுத்து, மூன்று நாலு தடவையாக ஊற்றச் சொல்லுங்கள். முதலில் மாவும் தேங்காயும் உப்பும் ஈரமில்லாமலே கலந்து உதிரியாக இருக்கும். முதல் தண்ணீர் பட்டதும் கட்டி கட்டியாகச் சேரும். இரண்டாவதில் விரலெல்லாம் ஒட்டும். இந்த இடத்தில்தான் பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு அழப் பார்ப்பார்கள். கொஞ்சம் வரட்டு மாவைக் கையில் தேய்த்தால் ஒட்டினது உதிர்ந்துவிடும் என்று காட்டுங்கள். பிறகு உள்ளங்கையின் அடியால் தள்ளி, மடித்து, திருப்பி, மறுபடி தள்ள வேண்டும். மா கிண்ணத்தின் ஓரத்தை விட்டுத் தானாகக் கழன்று வந்தால் பதம் சரி.

குளிரில் மா இறுகிப்போகும். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் சின்னக் கைக்கு வலிக்கும், ரொட்டியும் கல்லாகும். அதனால்தான் இளஞ்சூட்டுத் தண்ணீர். பிசைந்ததை ஈரத் துணியால் மூடி, அடுப்புத் திண்ணைப் பக்கம் இருபது நிமிடம் வைத்தால் இளகிவிடும். பச்சை மாவை வாயில் போட விடாதீர்கள், அதில் கிருமி இருக்கக்கூடும்.

தேங்காய் எண்ணெய் காலையில் போத்தலுக்குள் உறைந்து வெள்ளையாக நிற்கும். 24, 25 பாகை செல்சியசுக்குக் கீழே அது உறைந்துவிடும். நுவரெலியாவில் வருடம் முழுவதுமே பெரும்பாலும் அப்படித்தான். போத்தலைச் சுடுதண்ணீர்ப் பேசினில் நிறுத்திவிட்டு, ஓரத்தில் இருந்து கண்ணாடி மாதிரித் தெளிந்து வருவதைப் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் திண்மம், திரவம் என்று படிக்கும்போது இது ஞாபகம் வரும்.

மாவை தேசிக்காய்க்குக் கொஞ்சம் பெரிதாக உருட்டி, எண்ணெய் தடவின வாழையிலைத் துண்டில் வைத்து, விரலால் நடுவில் இருந்து ஓரத்துக்குத் தட்ட வேண்டும். நடுவில் தடிப்பாகவும் ஓரம் மெல்லியதாகவும் விட்டால் ஓரம் கருகி நடு வேகாது. வட்டமாக வரவில்லை என்றால் பரவாயில்லை, கனம் ஒரே சீராக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கல்லில் போட்டுச் சுடுவது பெரியவர் வேலை. எட்டு வயதுக்குமேல் அகப்பையால் திருப்பிப் போடப் பழகலாம்.

கத்தி

ஆறு வயதில் தொடங்கலாம். வாழைப்பழம், அவித்த உருளைக்கிழங்கு, அவித்த பீட்ரூட், இந்த வரிசையில். இவற்றுக்குக் கூரே இல்லாத மேசைக் கத்தி போதும். கை பழகின பிறகு சின்னக் கத்தி ஒன்றைக் கூராக்கிக் கொடுங்கள். மொட்டைக் கத்தி பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. கரட்டில் மொட்டைக் கத்தி இறங்காது, பிள்ளை பலத்தைக் கொடுத்து அமுக்கும், வழுக்கி விரலில் விழும்.

பலகைக்குக் கீழே ஈரத் துணி ஒன்றை விரித்தால் பலகை நகராது. உருண்டையாக இருக்கிற எதையும் பிள்ளை வெட்டக் கூடாது. நீங்கள் நீளவாக்கில் பிளந்து, தட்டையான பக்கத்தைப் பலகையில் படிய வைத்துக் கொடுங்கள். பிடிக்கிற கையின் விரல் நுனிகள் உள்ளே மடங்கி இருக்க வேண்டும், கட்டை விரல் பின்னால் ஒளிந்திருக்க வேண்டும். "விரலுக்குத் தொப்பி போடு" என்று சொல்லிப் பாருங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். கத்தியை மேலே தூக்கி வெட்டாமல், நுனி பலகையிலேயே இருக்க முன்னும் பின்னும் அறுக்கப் பழக்குங்கள். வெட்டும்போது பேசக் கூடாது, எழும்பக் கூடாது. எழும்ப வேண்டும் என்றால் கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு எழும்ப வேண்டும்.

அருவாமனை பிள்ளைகளுக்கு வேண்டாம்.

நெருப்பு

எட்டு வயதுக்கு முன்னால் அடுப்புப் பக்கம் வேலை இல்லை. அதற்குப் பிறகும் பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். குசினித் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுங்கள், அடுப்பில் இருந்து பெரியவரின் இரண்டு எட்டுத் தூரத்தில். தம்பி, தங்கச்சி யாரும் அந்தக் கோட்டுக்கு உள்ளே வரக் கூடாது. இந்தச் சட்டம் பெரியவர்கள் குசினியில் இல்லாத நேரத்துக்கும் சேர்த்துத்தான்.

நம் பக்கத்தில் தீ விபத்துக்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. குளிருக்காகப் பிள்ளைகள் நைலோன் ஜாக்கெட், தொங்குகிற சால்வை, கம்பளித் தொப்பி என்று சுற்றிக்கொண்டு அடுப்புப் பக்கம் குந்துவார்கள். நைலோன் பற்றினால் உருகித் தோலோடு ஒட்டும். அடுப்படிக்கு வரும்போது ஜாக்கெட்டும் சால்வையும் கழற்றியாக வேண்டும், பருத்திச் சட்டைக் கையை முழங்கைவரை மடிக்க வேண்டும், கூந்தலைக் கட்ட வேண்டும். அடுப்புச் சூட்டில் குளிர் தெரியாது, பயப்பட வேண்டாம்.

தேயிலை மிலாறு (கவ்வாத்து வெட்டின காய்ந்த குச்சி) சட்டென்று பற்றிப் படபடவென்று எரியும். சின்னப் பிள்ளையின் முதல் அடுப்புக்குத் தடித்த விறகின் தணல்தான் நல்லது. மண்ணெண்ணெயைப் பிள்ளை தொடவே கூடாது. எரிகிற அடுப்பில் பெரியவர்களும் ஊற்றக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும். காஸ் அடுப்பு என்றால், மணம் வந்தால் சுவிட்சைத் தொடாமல், நெருப்பு எதையும் பற்றவைக்காமல் கதவைத் திறந்து வெளியே ஓடிப் பெரியவரைக் கூப்பிடச் சொல்லிக்கொடுங்கள். காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி நிற்கும். பிரஷர் குக்கரும் பலகாரச் சட்டியும் பெரியவர் வேலை. தீபாவளிக்குப் பிள்ளைகள் முறுக்கைத் தட்டில் பிழியட்டும், எண்ணெயில் நாம் போடுவோம்.

முதல் அடுப்புக் கறியாகப் பருப்பை எடுங்கள். மைசூர்ப் பருப்பு ஒரு கோப்பை, தண்ணீர் மூன்று கோப்பை, மஞ்சள், வெங்காயம், பூடு, கீறின பச்சை மிளகாய், கறிவேப்பிலை. எல்லாவற்றையும் சட்டி அடுப்பில் ஏறும் முன்பே, தரையில் வைத்தே போட்டுவிட வேண்டும். கொதிக்கிற சட்டிக்குள் எதையும் போடுகிற வேலை அப்போது மிச்சமில்லை. பிடி உள்ளே பக்கம் திரும்பியிருக்கட்டும், அகப்பை நீளமாக இருக்கட்டும். நுரை பொங்கினால் மூடியைத் தன் பக்கம் அல்லாமல் எதிர்ப்பக்கம் சாய்த்துத் திறக்க வேண்டும், ஆவி முகத்தில் அடிக்காது. பருப்பு மசிந்ததும் சட்டியை நீங்கள் இறக்கி, தேங்காய்ப்பாலையும் உப்பையும் பிள்ளையைச் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் ஒரு கொதி கொதிக்க விட்டு இறக்குங்கள். கொதிக்கிற எதையும் தூக்கிக்கொண்டு நடப்பது பத்து வயதுக்கு முன்னால் கிடையாது.

"பருப்புப் பெட்டியில போட்டிருக்கிற நேரத்துக்குள்ள ஏன் வேகல?" என்று பிள்ளை கேட்டால் பதில் இருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1868 மீற்றர் உயரம். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். கொழும்பில் 100 பாகையில் கொதிப்பது நுவரெலியாவில் 94 பாகையளவிலேயே கொதிக்கும், ஹட்டனில் 96 அளவில். சூடு குறைவு, அதனால் நேரம் கூட. முட்டை அவிப்பதற்கும் இரண்டு, மூன்று நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

சுட்டுவிட்டால்

இதைப் பிள்ளைக்கும் மனப்பாடமாகச் சொல்லிவையுங்கள். ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம். பற்பசை, மை, வெண்ணெய், முட்டை எதுவும் பூசக் கூடாது. ஐஸ் வைக்கக் கூடாது. நம் தண்ணீர் மிகக் குளிர் என்பதால் காயத்தை மட்டும் நனைத்து, மற்ற உடம்பைப் போர்வையால் போர்த்திவிடுங்கள். ஒட்டின துணியைப் பிய்க்க வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். காயம் பிள்ளையின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகம், கை, மூட்டு என்றாலோ ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தோட்டத்துப் பாதையில் வருவதற்கு நேரமாகலாம், அதுவரை தண்ணீரை நிறுத்தாதீர்கள்.

வேலையாகிவிடக் கூடாது

பிள்ளைக்கு ஒரு கறி நன்றாக வந்துவிட்டால் நமக்கு ஒரு ஆசை வரும், இனி இதை அதுவே செய்யட்டும் என்று. அம்மா விடிகாலையிலேயே பெரட்டுக்கு (தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்கு) போகிற வீட்டில் அந்த ஆசை தேவையாகவே மாறிவிடும். அந்தக் கஷ்டம் எனக்குப் புரிகிறது. என்றாலும் பள்ளிக்கூட நாளில் பெரியவர் இல்லாத வீட்டில் பத்து வயதுப் பிள்ளை அடுப்பு மூட்டக் கூடாது. முதல் நாள் இரவே சுட்டு வைத்த ரொட்டி, அவித்து வைத்த கிழங்கு, பிள்ளை கலக்கிற சம்பல் என்று நெருப்பில்லாத பங்கை அதற்கு விடுங்கள். பாடத்துக்கும் விளையாட்டுக்கும் மிச்சம் நேரம் இருக்கிறதா என்று கிழமைக்கு ஒரு தடவை பாருங்கள். இல்லை என்றால் குசினி வேலையைத்தான் குறைக்க வேண்டும்.

சமைத்த பிறகு கழுவுவதும் சமையலில் சேர்ந்ததுதான். தான் எடுத்த பேசின், கரண்டி, பலகை மூன்றையும் பிள்ளை கழுவிக் கவிழ்க்கட்டும், கத்தியை நீங்கள் கழுவுங்கள்.

பருப்பு கைக்கு வந்த பிறகு லீக்ஸ் வதக்கல், உருளைக்கிழங்குப் பால்கறி, முட்டைப் பொரியல் என்று போகலாம். மரவள்ளி அவிக்கும்போது நிறையத் தண்ணீர் வைத்து, சட்டியை மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். கொண்டைக்கடலை செய்ய நினைத்தால் சனிக்கிழமை சாயங்காலமே பிள்ளையை ஊறப்போடச் சொல்லுங்கள். நம் குளிரில் எட்டு மணி நேரத்தில் அது ஊறாது, பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். ஊறினதா என்று காலையில் ஒன்றை நகத்தால் பிளந்து பார்க்கட்டும். நடுவில் வெள்ளையாக, ஈரமில்லாமல் இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம்.